மாதாவுக்குப் பக்கத்தில் இருக்கும் புரதம்

தோட்டத் தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில் ஒன்றான அக்காவின் லயத்து வீட்டில் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கட்டி இருக்கிறது. கைக்கு அடக்கமானது. இஞ்சிக் கிழங்கைப் போல அங்கங்கே முட்டிக்கொண்டு, நீலம், மஞ்சள், பச்சை, சிவப்பு என்று பல நிறத்தில் இருக்கும். புதிதாக வீட்டுக்கு வருகிறவர்கள் மாதாவைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொள்வார்கள், பிறகு அதைப் பார்த்து விழிப்பார்கள். வெளிநாட்டுக் கோயிலிலிருந்து கொண்டுவந்த ஏதோ புனிதப் பொருள் என்று நினைத்து மேல் லயத்து அம்மா ஒருத்தி அதற்கு மெழுகுதிரியே ஏற்றிவிட்டாள். அக்கா தடுக்கவில்லை. "ஏத்திட்டுப் போவட்டும். மெழுகுதிரி நம்ம வீட்டுது இல்லதானே" என்றாள். கட்டியின் சிவப்புப் பகுதியில் ஓரிடத்தில் மட்டும் சாயம் போய் வெள்ளையாக இருக்கிறது. அது எப்படிப் போனது என்று எனக்குத் தெரியும்.

அது ஒரு புரதத்தின் உருவம். கண்ணுக்கு எந்தக் காலத்திலும் தெரியாத ஒன்றைப் கோடி மடங்கு பெருப்பித்து அச்செடுத்தது. பார்கின் என்பது அதன் பெயர். நான் வெளிநாட்டில் படித்த ஆய்வுகூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. படிப்பு முடிந்து போகிறவர் இத்தனை வருசம் எந்தப் புரதத்தோடு மல்லுக்கட்டினாரோ, அதன் உருவத்தைச் செய்து கையில் கொடுத்து அனுப்புவார்கள். மற்றவர்கள் அதை மேசையில் வைத்துக்கொண்டார்கள். நான் புளத்கொகுபிட்டியவுக்கு மேலே இருக்கிற எங்கள் ரப்பர் தோட்டத்துக்குக் கொண்டுவந்து அக்காவிடம் கொடுத்தேன். ஏனென்றால் அவளுடைய உடம்பில் அந்தப் புரதம் வேலை செய்வதில்லை.

அக்கா எனக்கு எட்டு வயது மூத்தவள், நான் கடைக்குட்டிப் பெண், ஓர் அண்ணனும் உண்டு. பள்ளிக்கூடத்தை விட்டதும் தோட்டத்தில் பேர் பதிந்து பால் வெட்டப் போனாள். ரப்பர் வேலை விடியலோடு நடக்கும் வேலை. வெயில் ஏறிவிட்டால் மரத்தில் பால் ஓடாது. இருட்டுப் பிரியும்போதே மலையேறிப் பட்டையைச் சீவிவிட வேண்டும். பிறகு சிரட்டைகள் நிறையும்வரை காத்திருந்து, பாலை வாளியில் சேர்த்து, நிறுக்கும் இடத்துக்குத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். வெட்டும்வரை அக்காவிடம் ஒரு குறையும் இருக்காது. மற்றப் பெண்களுக்கு முன்னால் முடித்துவிட்டு, கல்லில் உட்கார்ந்து அவர்களைக் கேலி செய்துகொண்டிருப்பாள். வாளியைத் தூக்குகிற நேரத்தில்தான் இடது கால் மாறும். பாதம் உள்பக்கமாகத் திரும்பிக்கொள்ளும், விரல்கள் மடங்கிக்கொள்ளும். இருட்டில் மலையேறியவள் பத்து மணிக்குச் சமதரையில் நடக்கமாட்டாள். வாளி சாய்ந்து, காலையெல்லாம் வெட்டிய பால் புல்லில் கொட்டிப்போகும்.

சிங்களத்தில் பொய்யைப் 'பொரு' என்பார்கள். எங்கள் லயத்திலும் அதே சொல்தான் புழக்கத்தில் இருக்கிறது. "காலையில வெட்ட வருது, பால் தூக்க மட்டும் கால் வரலியா? எல்லாம் பொரு" என்று சுப்பவைசர் சொன்னார். அரைப் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான், போட்டார். பாலைக் கொட்டிவிட்டு வந்தவளுக்கு அதுவே பெரிது என்று மற்றவர்களும் பேசினார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்து ஒரு தூக்கம் போட்டு எழும்பினால் அக்கா நன்றாக நடப்பாள், குடத்தைத் தூக்கிக்கொண்டு மலைத் தண்ணீர் விழுகிற பீலிக்குப் போவாள். விளக்கு வைக்கும் நேரத்தில் திரும்பவும் காலை இழுப்பாள். "தூங்குனா சரியாவுற நோவ நான் கேள்விப்பட்டதே இல்ல" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். அந்தோனியார் கோயிலுக்கு நேர்த்தி வைத்தோம். பத்தாம் நம்பர் மலையில் உச்சிவேளையில் ஏதோ பிடித்திருக்கிறது என்று எலுமிச்சம்பழம் வெட்டினோம். ஃபாதருக்குத் தெரியாமல் அதையும் செய்தோம்.

ஆஸ்பத்திரிக்குப் போகாமலும் இல்லை. அங்கேதான் தோட்டத்து ஆட்கள் மட்டுமே விடக்கூடிய பிழை ஒன்றை நாங்கள் விட்டோம். கிளினிக் காலையில்தான் நடக்கும். முதல் பஸ்ஸில் போனால்தான் நம்பர் கிடைக்கும். அக்கா இரவு நன்றாகத் தூங்கி, பஸ்ஸில் அம்மாவின் தோளிலும் தூங்கி, டாக்டர் முன்னால் போய் நிற்கும்போது உலகத்தில் அவளைவிடச் சுகமானவள் இருக்கமாட்டாள். நடந்து காட்டச் சொன்னால் நேராக நடந்து காட்டுவாள். டாக்டர் முழங்காலில் தட்டிப் பார்ப்பார், கண்ணிமையை இழுத்துப் பார்ப்பார், இரத்தம் போதாது என்று சிவப்பு மாத்திரை எழுதிக் கொடுப்பார். திரும்பி வரும் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கால் திரும்பிக்கொள்ளும். "இத அங்கன காட்டியிருக்கக் கூடாதாடி" என்று அம்மா நடுரோட்டில் நின்று கத்துவாள். அக்கா என்ன செய்வாள்? அவளும் காட்டத்தான் போனாள்.

ஒரு மழைக்காலத்தில் பாதையில் மண் சரிந்து, பஸ் வழியில் நின்றுவிட்டது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் தாண்டி, கிளினிக் மூடிவிட்டார்கள். நானும் அன்றைக்குப் போயிருந்தேன். சாப்பிடப் போய்க்கொண்டிருந்த ஓர் இளம் டாக்டரம்மா, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்த அக்காவின் காலைப் பார்த்துவிட்டு நின்றார். கிட்ட வந்து குந்தி உட்கார்ந்து செருப்பைக் கழற்றிப் பாதத்தைக் கையில் பிடித்துப் பார்த்தார். பிறகு சிங்களத்தில், தூங்கி எழும்பினால் இது சரியாகிவிடுமா என்று கேட்டார். அக்கா அழத் தொடங்கிவிட்டாள். அத்தனை வருசத்தில் அவளிடம் யாரும் அதைக் கேள்வியாகக் கேட்டதில்லை. எல்லாரும் குற்றமாகத்தான் சொல்லியிருந்தார்கள்.

கிழவர்களுக்கு வருகிற பார்க்கின்சன் நடுக்கம் இளம் வயதில் வந்திருக்கிறது என்றார்கள். அரை மாத்திரை கொடுத்தார்கள். அரை மாத்திரைதான். அடுத்த வாரம் அக்கா இரண்டு கையிலும் வாளியோடு, ஒரு சொட்டுச் சிந்தாமல், மலையிறங்கி வந்ததை லயமே வெளியே வந்து பார்த்தது. அந்த நல்ல வருசங்களில்தான் அவளுக்குக் கல்யாணம் நடந்தது. கணவர் சொந்தமில்லை, தெரணியகலைப் பக்கத்து ஆள். கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை, நல்ல நாள் பெருநாளுக்கு வருவார். ஒரு மகள் பிறந்தாள். பிறகு மாத்திரையின் நேரம் சுருங்கத் தொடங்கியது. அது வேலை செய்யும்போது கையும் தோளும் தன்பாட்டுக்கு ஆடும், தீர்ந்தால் உடம்பு இறுகிப்போகும். கட்டைவிரல் மட்டும் ஆட்காட்டி விரலோடு எந்நேரமும் எதையோ உருட்டிக்கொண்டே இருக்கும். முப்பத்தைந்து வயதுக்கு முன்னாலேயே தோட்டத்தில் பேர் வெட்டிவிட்டார்கள். அப்போது நான் பல்கலைக்கழகத்தில் உயிர் இரசாயனம் படித்துக்கொண்டிருந்தேன். மேற்படிப்புக்கு விண்ணப்பித்தபோது, இந்த ஒரு புரதத்தைப் படிக்கிற ஆய்வுகூடங்களுக்கு மட்டும்தான் விண்ணப்பித்தேன்.

அது செய்கிற வேலையை அக்காவுக்குச் சொன்ன மாதிரியே சொல்கிறேன். உடம்பின் ஒவ்வொரு கலத்துக்குள்ளும் சாப்பாட்டை எரித்துச் சக்தியாக்குகிற சின்னச் சின்ன அடுப்புகள் இருக்கின்றன. பள்ளிக்கூடப் புத்தகத்தில் இழைமணி என்று படித்திருப்பீர்கள். அடுப்பு பழுதானால் புகைந்து கலத்தையே கெடுக்கும், ஆகவே பழுதானதை அகற்ற வேண்டும். எது பழுது என்று அடையாளம் போடுவதுதான் பார்கினின் வேலை. யுபிக்விட்டின் என்ற மிகச் சிறிய புரதத்தை எடுத்துப் பழுதானதன் மேல் ஒட்டிவிடும். இப்படி ஒட்டுகிற புரதங்களுக்கு லிகேஸ் என்று பெயர். எங்கள் தோட்டத்தில் பால் வற்றிய மரங்களை வெட்டுவதற்கு முன்னால் ஒருவர் பெயிண்ட் டின்னோடு போய் அடையாளம் போட்டுவிட்டு வருவார். வெட்டுகிறவர்கள் பெயிண்டைப் பார்த்துத்தான் வெட்டுவார்கள். பார்கின் அந்தப் பெயிண்ட்காரர். அக்காவின் உடம்பில் அவர் வேலைக்கு வருவதில்லை. அவர் வராததால், நடையை ஓட்டுகிற மூளைக் கலங்கள் புகையிலேயே செத்துக்கொண்டிருக்கின்றன.

இத்தனையும் தெரிந்துகொண்டது அதன் உருவத்தைப் பார்த்துத்தான். பார்ப்பதென்றால் கண்ணால் இல்லை. புரதத்தைச் சுத்தமாக எடுத்து, உப்புக் கரைசலோடு ஒரு சொட்டாகக் கண்ணாடியில் தொங்கவிட்டு, மூடி, குளிரில் வைத்து, தினமும் போய் உருப்பெருக்கியில் பார்க்க வேண்டும். அதிர்ஷ்டம் இருந்தால் உப்பும் சீனியும் போலப் பளிங்காக உறையும். அந்தப் பளிங்கின் வழியாக எக்ஸ் கதிரை விட்டால் புள்ளிப் புள்ளியாகச் சிதறும். அந்தப் புள்ளிகளிலிருந்து கணக்குப் போட்டு, ஒவ்வோர் அணுவும் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடலாம். அப்பா தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் தட்டுகளில் அமிலம் ஊற்றி ரப்பர் பால் உறைய வைத்தவர். ஆகவே அக்காவுக்கு உறைதல் என்றால் என்னவென்று தெரியும், அதாவது தெரியும் என்று நினைத்தாள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஃபோனில் முதல் கேள்வி, "ஒறஞ்சிச்சா?" என்பதுதான். அங்கே பனி கொட்டுகிறதா, நான் சாப்பிட்டேனா என்பதெல்லாம் அம்மாவின் கேள்விகள்.

சுகமானவர்களுடைய பார்கினின் உருவத்தை எனக்கு முன்னாலேயே மற்றவர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். அழகான உருவம் அது. வேலை இல்லாத நேரத்தில் தன் கையைத் தானே பொத்திக்கொண்டு சும்மா இருக்கும். பழுது ஏற்பட்டதென்று இன்னொரு புரதம் வந்து தட்டி எழுப்பினால்தான் கையை விரிக்கும். உள்ளே எட்டு இடங்களில் நாகம் என்ற உலோகத்தின் அணு ஒவ்வொன்று இருக்கிறது, லயத்துக் கூரைத் தகரத்துக்குப் பூசுகிறார்களே, அதே உலோகம். ஒவ்வொரு அணுவையும் புரதம் நாலு பக்கமிருந்து நாலு விரலால் பிடித்த மாதிரிப் பிடித்திருக்கும். அக்காவின் இரத்தத்தைப் பரிசோதித்தபோது அப்படி ஓரிடத்தில் ஒரு விரல் இல்லை என்று தெரிந்தது. புரதத்தில் ஆயிரக்கணக்கான அணுக்கள், அவற்றில் அங்கே ஒரே ஒரு கந்தக அணு குறைவு. ஒட்டுகிற வேலை நடக்கிற பகுதியில், சிவப்பில், அந்த இடம் வருகிறது.

அந்தப் பிழையோடு கூடிய புரதத்தை, அதாவது அக்காவுடையதை, பளிங்காக்குவதுதான் நான் எடுத்துக்கொண்ட வேலை. உருவம் தெரிந்தால் அதைத் தாங்கிப் பிடிக்க ஒரு மருந்து தேடலாம் என்பது என் எண்ணம். அது ஒரு நாளும் உறையவில்லை. உப்பை மாற்றினேன், குளிரை மாற்றினேன், ஒன்றுக்கும் மசியவில்லை. மழைத் தண்ணீர் விழுந்த சிரட்டையில் பால் திரிந்து கட்டி கட்டியாகக் கிடக்குமே, அப்படித்தான் ஒவ்வொரு சொட்டும் கிடந்தது. பேராசிரியர் தோளில் தட்டி, இதுவே ஒரு விடைதான், நிற்க முடியாத புரதத்துக்கு உருவம் இருக்காது என்றார். அவருக்கு அது விடை. நான் அக்காவிடம் எப்படிச் சொல்வதென்று ஒரு வாரம் ஃபோன் எடுக்காமல் இருந்துவிட்டு, கடைசியில் "ஒன்னோடது நிக்கல அக்கா" என்றேன். பிறகு, "நானும்தான் சாயங்காலமானா நிக்கிறதில்ல. அத எப்பிடி நிக்கச் சொல்றது" என்று சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

படிப்பை முடித்து வந்தபோது வரக்காப்பொலையில் பஸ் நின்ற இடத்தில் அவளுக்குப் பிடித்த எள்ளுத் தலகுளி இனிப்பு வாங்கினேன். தலகுளியையும் இந்த உருவத்தையும் ஒரே பையில்தான் கொண்டுவந்தேன். அக்கா தலகுளியை ஒரு பக்கம் வைத்துவிட்டு இதைத்தான் எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுல என் கோளாறு எங்கன இருக்கு?" என்றாள். சிவப்பில் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினேன். உருட்டிக்கொண்டே இருக்கும் அந்தக் கட்டைவிரலை அவள் சரியாக அந்த இடத்தில் கொண்டுபோய் வைத்தாள். "இம்புட்டுத்தானா?" என்றாள். ஆமாம் என்றேன். "மருந்து?" என்றாள். கையைப் பொத்திக்கொண்டிருக்கும் பார்கினை எழுப்பி வேலை வாங்குவதற்கு மருந்து தேடிக்கொண்டிருக்கிறார்கள், அது உண்மை. ஆனால் அது கதவைத் திறக்கிற மருந்து. அக்காவுக்குக் கதவு மாட்டுகிற நிலைச்சட்டமே உடைந்து கிடக்கிறது. அதைச் சொல்லாமல், தேடுகிறார்கள் என்று மட்டும் சொன்னேன். "தேடட்டும்" என்று சொல்லிக் கட்டியை மாதாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று அண்ணன் சொன்னார். என்னைச் சீண்டத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்று பட்டது.

அதற்குப் பிறகு நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தது. ருவான்வெல்லையில் பார்மசி வைத்திருக்கும் முஸ்லிம் நானா ஒருவர் அக்காவுக்கென்று கடைசி அட்டையை ஒளித்து வைத்திருந்து கொடுத்தார். அது தீர்ந்த பிறகு அக்கா பகல் முழுக்கப் பலகை மாதிரிக் கிடந்தாள். சோற்றை ஊட்டி, புரட்டிப் படுக்கவைத்து, கழுவித் துடைத்துப் பார்த்தவள் அவளுடைய மகள். அந்தப் புரதத்தின் ஒவ்வோர் அணுவும் இருக்கும் இடம் தெரிந்த நான் கொழும்பில் கடை கடையாக ஏறி இறங்கி, வெறுங்கையோடு வந்தேன்.

அந்த மகளைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அவளுக்குக் காது குத்தியபோது தாய்மாமன் மடியில்தான் உட்காரவைத்தார்கள். தாய்மாமன் என்றால் எங்கள் அண்ணன், பக்கத்துக் காம்பராவிலேயே குடியிருப்பவர். பிள்ளை வீறிட்டு அழ, அவர் "அழாத தாயி, நீ என் மவனுக்குத்தான்" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். எங்கள் பக்கத்தில் அது விளையாட்டுப் பேச்சில்லை. அம்மா அப்பாவுக்கு மாமன் மகள். அதற்கு முந்திய தலைமுறையும் அப்படியே. சொந்தத்தில் கட்டுவதற்குச் சபையில் விசேஷ அனுமதி வேண்டும், ஃபாதர் அதை எழுதி வாங்கித் தருவார். இரத்தம் நெருங்கியதென்று சபைக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும், அனுமதியும் வந்துவிடும். இந்தப் பழுது அப்படித்தான் அம்மாவிடம் ஒரு பிரதியும் அப்பாவிடம் ஒரு பிரதியுமாகச் சத்தமில்லாமல் இருந்திருக்கிறது. ஒரு பிரதி இருந்தால் ஒன்றும் செய்யாது. இரண்டும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்தால்தான் நோய். அக்காவிடம் சேர்ந்தது, அண்ணனிடமும் என்னிடமும் சேரவில்லை.

அக்கா மகளும் அண்ணன் மகனும் ஒரே பீலியில் குளித்து, ஒரே வான் வண்டியில் பள்ளிக்கூடம் போய் வளர்ந்தவர்கள். பெரியவர்கள் சொன்ன சொல் ஒரு பக்கம் இருக்க, அவர்களுக்கே ஒருவரை ஒருவர் பிடித்துப்போயிருந்தது. அவள் வரக்காப்பொலைப் பக்கம் கார்மெண்ட் ஃபேக்டரியில் வேலை, அவன் த்ரீவீலர் ஓடுகிறான். சாயங்காலம் அவளை ஏற்றிவர அவன் போவதை அக்கா ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பாள். அக்காவின் மகளிடம் ஒரு பிரதி கட்டாயம் இருக்கும், அதற்குப் பரிசோதனையே தேவையில்லை. பையனிடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அவனிடம் இல்லையென்றால் இந்த நோய் அவர்கள் பிள்ளைக்கு வராது, கல்யாணத்தில் நான் முதல் ஆளாக நின்று ஆடியிருப்பேன். கேட்டவுடன் அவன் சட்டைக் கையை மடித்து, "எடுங்க அத்த" என்று நீட்டினான். முடிவு வரும்வரை அந்தோனியாருக்கு நானும் ஒரு நேர்த்தி வைத்தேன். படித்தவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். வேறு என்ன செய்வது?

அவனிடமும் ஒரு பிரதி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து எல்லாரும் அக்கா வீட்டில் உட்கார்ந்திருந்தபோது சொன்னேன். பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு இந்த நோய் வரப் பார்க்கும் என்றேன். அண்ணன் யோசித்தார். "நாலுல ஒண்ணுன்னா, மூணு நல்லதுன்னுதானே அர்த்தம்" என்றார். அப்படி இல்லை, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக என்றேன். "அப்ப மூணோட நிறுத்திக்கிறட்டும்" என்றார். அந்த நேரத்திலும் அக்கா மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

அக்காவுக்கு அப்போது மாத்திரையின் வேகம் இறங்கிக்கொண்டிருந்தது. கையால் கட்டிலைப் பிடித்துக்கொண்டு, "வேணாம்" என்றாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். "இந்தக் கல்யாணம் வேணாம். நான் பட்டது போதும். இன்னொண்ணு இப்பிடிக் கெடக்குறதப் பாக்குறதுக்கு நான் இருக்கமாட்டேன்" என்றாள். அத்தனை வருசத்தில் அவள் தன் நோயைப் பற்றி முறையிட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பால் கொட்டிய நாட்களில்கூட அவள் ஒன்றும் சொன்னதில்லை. அண்ணனுக்கு முகம் விழுந்துவிட்டது. பையன் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் உள்ளுக்குள் அப்பாடா என்றிருந்தேன். நான் சொல்லியிருக்க வேண்டியதை அக்காவே சொல்லிவிட்டாள்.

மகள் எழுந்து போய் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்குக் கோபமில்லை. தாயின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து, திரும்பிக்கொண்ட பாதத்தைத் தேய்த்துவிட்டாள், தினமும் செய்கிற வேலைதான். "ஒங்கள மாதிரிப் பொறந்திருமோன்னுதானே பயப்படுறீங்க?" என்றாள். அக்கா தலையாட்டினாள். "அப்ப நீங்க பொறந்திருக்கக் கூடாதுன்னு என்னையச் சொல்லச் சொல்றீங்களாம்மா?"

அக்கா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் மறக்கமாட்டேன். இத்தனை படித்தவளுக்கு இதற்கு ஒரு பதில் தெரிந்திருக்கும் என்று நம்பித்தான் பார்த்தாள். இருக்கிறது, பதில் இருக்கிறது என்று எனக்கே தோன்றியது. நோய் வேறு, ஆள் வேறு என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். வகுப்பில் மாணவர்கள் கேட்டால் அப்படித்தான் சொல்வேன். ஆனால் அந்த அறையில் நோயும் ஆளும் ஒரே கட்டிலில் உட்கார்ந்திருந்தபோது வாயைத் திறக்க என்னால் முடியவில்லை. அக்கா மாதா இருந்த பக்கம் கையை நீட்டினாள். மாதாவைக் கேட்கிறாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது இந்தப் பிளாஸ்டிக் கட்டியை. மகள் எடுத்துக் கொடுத்தாள். அக்கா சிவப்பில் அந்த இடத்தைக் கட்டைவிரலால் தேய்க்கத் தொடங்கினாள். அப்போதே அங்கே சாயம் போய்விட்டிருந்ததைக் கண்டேன். யாரும் இல்லாத நேரங்களில் அவள் இதை எடுத்துவைத்துத் தேய்த்துக்கொண்டிருப்பாள் என்று மகள் பிறகு சொன்னாள். செபமாலை உருட்டுவதைவிட இதைத்தான் கூட உருட்டியிருக்கிறாள்.

கல்யாணம் நடந்தது. அக்கா அதற்குப் பிறகு வேணாம் என்று சொல்லவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், பூசையைக் காலையில் வைக்கச் சொன்னாள். எங்கள் கோயிலில் கல்யாணப் பூசை பத்தரைக்கு முன் தொடங்கியதில்லை. ஃபாதர் அவளுக்காக ஏழு மணிக்கே வைத்தார். தூங்கி எழும்பிய உடம்போடு, நீலச் சேலையில், யார் கையையும் பிடிக்காமல் அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு பீடம்வரை நடந்தாள். பழைய சுப்பவைசர் வந்திருந்தார், இப்போது கிழவர். "நல்லாத்தானே நடக்கிறா" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். நான் திரும்பி ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். மணப்பெண்ணின் சித்தி கோயிலில் சண்டை போடக் கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அடுத்த வருசம் பெண் குழந்தை பிறந்தது. பிறந்த உடனேயே இரத்தத்தில் பார்த்துவிடலாம் என்று அக்கா மகளிடம் சொன்னேன். குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே கேட்டாள். "தெரிஞ்சா அதுக்கு என்னா செய்வீங்க சித்தி? மருந்து இருக்கா?" இல்லை என்றேன். "அப்ப வேணாம். அவ வளந்து அவளா கேட்டா அப்ப பாருங்க" என்றாள். அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை. இப்போது ஒரு பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறேன். ஒவ்வொரு வருசமும் புது மாணவர்களுக்குத் திரையில் இந்தப் புரதத்தைச் சுழற்றிக் காட்டி, கையைப் பொத்திக்கொண்டிருப்பதையும் விரிப்பதையும் விளக்குகிறேன். சிவப்பில் அக்காவுடைய அந்த இடம் வரும்போது கொஞ்சம் வேகமாகத் தாண்டிவிடுகிறேன்.

போன விடுமுறைக்குப் போனபோது குழந்தைக்கு இரண்டு வயது நடந்துகொண்டிருந்தது. மத்தியானம் தாண்டிய நேரம், அக்கா கட்டிலில் இறுகிப்போய்க் கிடந்தாள். குழந்தை நாற்காலியில் ஏறி மாதாவுக்குப் பக்கத்தில் இருந்த கட்டியை எடுத்துக்கொண்டது. நான் வாங்கப் போனேன். "விடு, அவளுக்கு அதான் வெளாட்டுச் சாமான்" என்றாள் அக்கா. குழந்தை அதை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலுக்கும் கட்டிலுக்குமாக நடந்தது. சாயம் போன இடம் வெளியே தெரிந்தது. அக்கா அதைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்ப முடியாமல், கண்ணை மட்டும் கீழே இறக்கி, சிமெண்டுத் தரையில் விழுகிற அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். தினமும் இந்த நேரத்தில் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருப்பாளாம்.

"எனக்குச் சரியாத் தெரியல சின்னவளே. நீ பாரு. எடது பாதத்த நேரா வைக்கிறாளா?"

குனிந்து பார்த்தேன். குழந்தை ஒரு தடவை போய்த் திரும்பி வரும்வரை பார்த்தேன்.

"நேராத்தான் வைக்கிறா அக்கா" என்றேன்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். நான் சொன்னது பொய்யில்லை. இரண்டு வயதில் அக்காவும் நேராகத்தான் வைத்தாள் என்று அம்மா சொல்லுவாள்.